செல்போனில் வியாபாரம் பேசுகிறவர்களுக்கு: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தங்கச்சிமடத்தில் கருவாடு போடும் அக்கா ஒருவருக்குச் சென்னையிலிருந்து ஆர்டர் வந்தது. "அக்கா 5 கிலோ நெத்திலி" என்று ஒரே வரி. அக்கா பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டார். பணம் வந்தது, சாக்குப்பையில் கட்டிய பார்சலும் போனது. நான்கு நாள் கழித்து அங்கிருந்து ஒரு போட்டோ: தராசில் பை, எண் 4 கிலோ 620 கிராம். "மீதி 380 கிராம் எங்கே?" என்று கேள்வி.

அக்கா எடை குறைத்துப் போடவில்லை. அந்த வாரம் மழை மப்பு. நெத்திலி பாதிதான் காய்ந்து அரைக் காய்ச்சலில் இருந்தது, வழியிலேயே ஈரம் வற்றிவிட்டது. ஆனால் அதைக் காட்ட அவரிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை. எடை போட்ட படம் இல்லை, எப்படிக் காய்ந்த சரக்கு என்று சொன்ன வரி இல்லை. மனம் நொந்து கோபமாக ஒரு குரல் செய்தி அனுப்பினார். சென்னைக்காரர் அதைத் தன் குடியிருப்புக் குழுவில் போட்டுவிட்டார். அந்தக் குழுவில் அக்காவிடம் வாங்கிக்கொண்டிருந்த வேறு சில குடும்பங்களும் இருந்தன. அத்தோடு அவர்களும் நின்றுபோனார்கள்.

கரையில் ஏலம் விடும்போது கூறு கண்ணெதிரே கிடக்கிறது. படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் ஏலக்காரரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் இருபது வருஷமாகப் பார்த்த முகங்கள். வாய்ச்சொல் போதும், ஏனென்றால் முகம் ஜாமீன் நிற்கிறது. செல்போனில் முகம் கிடையாது. நாம் எழுதும் வரிதான் அந்த இடத்தில் நிற்க வேண்டும். சட்டமும் அந்த வரியைத்தான் எடுத்துப் பார்க்கும். ஏழெட்டு வருஷமாகக் கருப்பட்டியும் கருவாடும் இப்படி விற்று, தப்பும் செய்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, சாயல்குடி என்று எங்கிருந்து விற்றாலும் பொருந்தும்.

படி 1: நீங்கள் யார் என்று முதலில் எழுதி வையுங்கள்

வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கில் சுயவிவரம் என்று ஓர் இடம் இருக்கிறது. பலர் அதில் அம்மன் படமோ பிறை படமோ போட்டுவிட்டு, பெயருக்குப் பதில் "ராம்நாடு சீ ஃபுட்ஸ்" என்று மட்டும் எழுதுகிறார்கள். பணம் அனுப்பப் போகிறவருக்கு யாரிடம் அனுப்புகிறோம் என்று தெரிய வேண்டாமா? உங்கள் பெயர், கடை அல்லது வீட்டின் முகவரி, பேசக்கூடிய எண், எந்த நேரத்தில் பதில் வரும் என்பது, இந்த நான்கும் இருக்கட்டும்.

சொந்தமாக இணையக் கடை நடத்துகிறவருக்கு இது விருப்பம் அல்ல, கட்டாயம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைகேட்கும் அலுவலரின் பெயர் எல்லாம் தெரியும்படி இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் விற்கிறவர்களும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் என்பது நியாயமான அளவு. வலை பழுது பார்க்கும் நாளிலும் இரண்டு நாளுக்குள் ஒரு வரி பதில் போட முடியும்.

உணவுப் பொருள் விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண், 14 இலக்கம், பாக்கெட்டிலும் விளம்பரத்திலும் இருக்கட்டும். வீட்டில் செய்கிற தொதல் என்ற இனிப்புக்கும் ஊறுகாய்க்கும் கூடத்தான். பாக்கெட் போட்டு விற்றால் பொருளின் பெயர், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, பாக்கெட் போட்டவரின் பெயரும் முகவரியும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கேட்கும் விவரங்கள். இணையத்தில் விற்கும்போது இவை திரையிலும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. நம் வீடுகளில் அம்மா கருவாடு போடுவார், கல்லூரி படிக்கும் மகள் செல்போனைப் பார்ப்பாள். மகள் "சரி அங்கிள், நாளைக்கே அனுப்பிவிடுகிறோம்" என்று எழுதினால் அது அம்மா எழுதியதுதான். உங்கள் சார்பில் பேச விட்டவரின் செய்தி உங்களைக் கட்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: விலை, தேதி, திரும்ப எடுப்பது, இந்த மூன்றுக்கும் கேட்காமல் வாக்குக் கொடுக்காதே.

படி 2: பொருளைப் பற்றி எழுதுவது

நம் பக்கம் அதிகம் வழுக்குகிற இடம் இதுதான். வேண்டுமென்று ஏமாற்றுகிறவர் குறைவு. ஊரில் எல்லாரும் சொல்வதை அப்படியே எழுதிவிடுகிறோம்.

முதலில் "இன்று பிடித்த மீன்". கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனும் கரைவலை மீனும்தான் வரும், அதுவும் கொஞ்சம். அந்த நாட்களில் "இன்று காலை பாம்பனில் பிடித்த சீலா, எத்தனை கிலோ வேண்டுமானாலும்" என்று ஸ்டேட்டஸ் பார்த்தால் நமக்கு உடனே புரியும்: ஐஸில் கிடந்தது, இல்லாவிட்டால் மேற்குக் கரைச் சரக்கு. கோயம்புத்தூரில் பார்க்கிறவருக்கு இது புரியாது. தெரியாதவரிடம் தெரிந்தே சொல்லும் பொய் அது. சட்டம் இதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். "தடைக்காலம், இது ஐஸ் மீன், கேரளச் சரக்கு, விலை இவ்வளவு" என்று எழுதிப் பாருங்கள். வாங்குகிறவர் வாங்கத்தான் செய்கிறார். என் அனுபவத்தில் அப்படி எழுதியவரைத்தான் ஜூன் 15-க்குப் பிறகும் தேடி வருகிறார்கள்.

அடுத்தது கருப்பட்டி. "சர்க்கரை நோய் குணமாகும்", "சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று எத்தனை விளம்பரம் பார்த்திருப்பீர்கள்! உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மருந்து என்று சொல்லி விற்றால் 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. சட்டத்தைத் தள்ளி வையுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். உங்கள் வரியை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், கிலோவுக்கு நூறு ரூபாய் லாபத்தை வைத்து அதைச் சரிக்கட்ட முடியாது. எழுத வேண்டியது வேறு: "சாயல்குடிப் பக்கம் பதனீர் காய்ச்சியது. பதனீருக்குச் சுண்ணாம்பு போட்டது தவிர வேறு சேர்க்கை இல்லை. சீனி கலக்கவில்லை." சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைந்து கிடக்கும்போது, உண்மையாகவே கலக்காதவருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் எதற்கு?

மூன்றாவது ஊர்ப்பெயர். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் குறியீடு இருக்கிறது. நம் சாயல்குடிக் கருப்பட்டிக்கு "உடன்குடி" என்று பெயர் போட்டால் விலை கூடலாம், ஆனால் அது 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம், 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. அதேபோல ஆந்திராவிலிருந்து வந்த மிளகாயைக் கொட்டி வைத்து "முண்டு" என்று எழுதினால் முதுகுளத்தூர், கமுதி விவசாயியின் வயிற்றில் அடிப்பதாகும். "ஆர்கானிக்" என்ற சொல்லும் அப்படித்தான். சான்றிதழ் இல்லாமல் அதை எழுத வேண்டாம். "நாங்கள் மருந்து அடிக்கவில்லை" என்பது உண்மையானால் அந்த வரியையே எழுதுங்கள்.

நான்காவது, விற்கவே கூடாதவை. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை, இவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்து நாற்பது வருடம் ஆகிறது, சட்டத்தை அறியாத கடற்கரைக்காரர் இங்கே இல்லை. ஆனால் செல்போன் வந்த பிறகு ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. விற்காத இளைஞர்கள் கூட "ஆள் இருக்கிறது, விலை கேள்" என்று வந்த செய்தியை இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். கடல் அட்டை விற்பனையில் சிக்கினால் 3 முதல் 7 வருடம் சிறை. விலை பேசிய செய்தியே உங்களுக்கு எதிரான சாட்சி. சிப்பி, சங்கு விற்கிறவர்கள் கவனியுங்கள்: எல்லாச் சங்கும் தடை இல்லை, ஆனால் தடைப் பட்டியலில் உள்ள வகைகள் இருக்கின்றன. இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் படம் போடுங்கள்.

படங்களைப் பற்றி ஒரு சொல். கூகுளில் கிடைத்த நண்டுப் படத்தை எடுத்துப் போடாதீர்கள். எடுத்தவருக்கு அதன் மேல் பதிப்புரிமை இருக்கிறது, அதைவிட முக்கியம் அது உங்கள் நண்டு இல்லை. செயற்கை நுண்ணறிவில் செய்த பளபளப்பான படமும் அதே கதைதான். ஓலைக் கொட்டானில் நீங்கள் வைத்த கருப்பட்டியைக் காலை வெயிலில் வைத்து எடுங்கள், போதும்.

யூடியூபர் வந்து உங்கள் கடையில் சாப்பிட்டுப் புகழ்ந்து வீடியோ போட்டால், பணம் கொடுத்திருந்தாலும் இலவசமாகப் பொருள் கொடுத்திருந்தாலும், "இது விளம்பரம்" என்று அவர் அதில் சொல்லியாக வேண்டும். 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டுதல்கள் சொல்வது அது. "இன்னும் 2 பாக்கெட்தான் இருக்கிறது" என்று வீட்டில் இருபது பாக்கெட்டை வைத்துக்கொண்டு எழுதுவதும், பணம் கட்டும் நேரத்தில் கூரியர் செலவு, பேக்கிங் செலவு என்று ஒவ்வொன்றாக ஏற்றுவதும் 2023 நவம்பரில் அரசு பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் சேர்ந்தவை. மொத்த விலையை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: ஆர்டரை எழுத்தில் உறுதி செய்யுங்கள்

"வாட்ஸ்அப்பில் பேசியதெல்லாம் செல்லுமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். செல்லும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கேட்பது ஒருவர் முன்வைப்பது, மற்றவர் ஏற்பது, இருவருக்கும் ஒரே புரிதல், கைமாறும் மதிப்பு. முத்திரைத்தாள் கேட்கவில்லை. மின்னணு வழியில் ஆனது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லக் கூடாது என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. இரண்டு நிறுவனங்கள் மின்னஞ்சலிலேயே பேசி முடித்த ஒரு கப்பல் சரக்கு ஒப்பந்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் டிரைமெக்ஸ், வேதாந்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கையெழுத்திட்ட காகிதம் இல்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

ஆகவே கட்டைவிரல் படத்தையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். அது "பார்த்துவிட்டேன்" என்றா, "சம்மதம்" என்றா என்று பிறகு சண்டை வரும். வார்த்தையில் எழுதுங்கள். தங்கச்சிமடத்து அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த செய்தி இது. இப்போது அவர் எல்லா ஆர்டருக்கும் இதையே மாற்றி மாற்றி அனுப்புகிறார்:

"வணக்கம் தம்பி. உங்கள் ஆர்டர்: நெத்திலிக் கருவாடு, தலை கிள்ளாதது, முழுக் காய்ச்சல், 5 கிலோ. விலை இவ்வளவு, கூரியர் இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. புதன்கிழமை அனுப்புவேன், மூன்று நான்கு நாளில் வரும். எடை போட்ட வீடியோ பார்சல் கட்டும்போது அனுப்புகிறேன். பிரிக்கும்போது நீங்களும் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமாகவோ கெட்டோ எடை குறைவாகவோ இருந்தால் வந்த 2 நாளுக்குள் சொல்லுங்கள், மாற்றித் தருவேன் அல்லது பணம் திருப்புவேன். சம்மதம் என்றால் 'சரி' என்று அனுப்புங்கள், அப்புறம் பணம் போடுங்கள்."

இதில் "தலை கிள்ளாதது", "முழுக் காய்ச்சல்" என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். பாதிச் சண்டை இந்த இரண்டில்தான் வருகிறது. நகரத்தில் இருப்பவர் தலை கிள்ளிச் சுத்தம் செய்த நெத்திலியை மனதில் வைத்திருப்பார். நமக்குத் தலையோடு இருப்பதுதான் சாதாரணம். கருப்பட்டிக்கு "புதுசா, பழசா", நண்டுக்கு "உயிரோடா, ஐஸிலா", முண்டு மிளகாய்க்கு "காம்போடா, காம்பு கிள்ளியா" என்று உங்கள் சரக்கில் இப்படி எது இருக்கிறது என்று நீங்களே யோசித்து எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருப்பட்டி கசியும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "மழைக்காலம், கசிந்து மெழுகு போல் வரலாம், கெட்டது இல்லை."

"விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று எழுதி வைத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்கிறது நுகர்வோர் சட்டம். கெடுவை நீங்களே நியாயமாகச் சொல்லிவிட்டால் இருவருக்கும் நல்லது. பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் பில்தான்.

எடை விஷயத்தில் அக்கா இப்போது செய்வது: சரக்கை நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத உறையில் போட்டு, தராசு பூஜ்யத்தில் இருப்பதிலிருந்து வீடியோவைத் தொடங்குகிறார். 50 கிராம் கூடவே போடுகிறார். கடைசிப் பழக்கத்தைச் சட்டம் கேட்கவில்லை, அவர் மனம் கேட்டது.

படி 4: வாங்குகிறவரின் விவரம் உங்களிடம் அடைக்கலம்

இங்கே என் தப்பைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து ஒரு பெண் வாங்கி, நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுதியிருந்தார். சந்தோஷத்தில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். மேலே அவர் எண் தெரிந்தது, கீழே கூரியர் முகவரியும் இருந்தது. அன்று இரவு அவரே கூப்பிட்டார். தெரியாத ஆட்கள் இருவர் அவருக்குப் போன் செய்திருந்தார்கள். "உங்களை நம்பித்தானே அண்ணே அட்ரஸ் கொடுத்தேன்" என்றார், திட்டவில்லை. அந்த ஒரு வாக்கியம் இன்றும் மறக்கவில்லை. உடனே நீக்கினேன், மன்னிப்புக் கேட்டேன், அதற்கு மேல் என்னால் செய்ய ஒன்றும் இல்லாமல் இருந்தது.

வாடிக்கையாளர் நம்பித் தந்த விவரத்தைச் சட்ட அனுமதியில்லாமல் வெளியே சொல்வது நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அதன் சாரம் எளிது. எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லிக் கேள், சொன்ன வேலைக்கு மட்டும் பயன்படுத்து, வேண்டாம் என்றால் விடு, பத்திரமாக வை. சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் விவரமென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பாதுகாப்புத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அது உச்சவரம்பு, கருவாட்டுக் கடைக்கு அவ்வளவு என்று பயப்பட வேண்டாம். எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குச் சொன்னேன்.

நடைமுறையில்:

வாடிக்கையாளரைக் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள். குழுவில் சேர்த்த நொடியில் நூறு பேருக்கு அவர் எண் போய்விடுகிறது. பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டால் அவரவருக்குத் தனித்தனியே போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அதற்கும் "விலைப்பட்டியல் அனுப்பலாமா?" என்று ஒரு தடவை கேளுங்கள். "நிறுத்து" என்று ஒருவர் சொன்னால் அன்றே நிறுத்துங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

பாராட்டை வெளியே போட வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, பெயரும் எண்ணும் மறைத்துப் போடுங்கள். வீட்டு ஆட்களை வைத்து வாங்கியவர் போலப் பாராட்டு எழுத வைப்பதை மின்வணிக விதிகளே தடுக்கின்றன. கூரியர் ஆளுக்கு முகவரி மட்டும் போதும், முழு அரட்டையையும் தள்ளிவிட வேண்டாம். பழைய செல்போனை விற்கும் முன் அழித்துவிடுங்கள்.

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப நினைத்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிப்படி தொலைபேசி நிறுவனத்தின் பிளாக்செயின் பதிவுத் தளத்தில் பெயர் பதிய வேண்டும். நம் அளவுக்கு அது தேவைப்படாது.

வியாபார எண்ணிலிருந்து அரசியல், மதச் செய்திகளைத் தள்ளிவிடாதீர்கள். நம் கரையில் பள்ளிவாசல் தெருவும் மாதா கோயில் தெருவும் அம்மன் கோயில் தெருவும் ஒரே சந்தையில் வாங்குகிறவை. கீழக்கரையில் தொதல் செய்து விற்கும் ஒரு லாத்தா, எண்ணைத் தொடங்கிய அன்றே "இந்த நம்பரில் தொதல் மட்டும்" என்று சுயவிவரத்தில் எழுதிவிட்டார். எனக்குப் பிடித்த விதி அது.

படி 5: பணம் கைமாறும் இடம்

பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகப் போகிறது. "நான் படையில் இருக்கிறேன், முகாமுக்கு 20 கிலோ வேண்டும், க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்று ஒருவர் பேசுவார். சீருடைப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் வரும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் நம் ஆட்களுக்குச் சந்தேகமே வராது. பணம் பெற ஸ்கேன் செய்யும் வழக்கம் கிடையாது. போனை வைத்துவிடுங்கள்.

பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்கை அனுப்பாதீர்கள். போலிப் படம் செய்ய இரண்டு நிமிடம் போதும். வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நண்டு, கணவாய் போன்றவற்றை ஏற்றுமதி நிறுவனங்களுக்கோ வெளிநாட்டுக்கோ மின்னஞ்சலில் பேசி அனுப்புகிறவர்களுக்கு வேறு ஆபத்து. மின்னஞ்சலை யாரோ திறந்து படித்துக்கொண்டிருப்பார். பில் அனுப்பும் நேரத்தில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வாங்குகிறவருக்கு ஒரு கடிதம் போகும். பணம் வேறெங்கோ போய்விடும், சரக்கு மட்டும் போய்ச் சேரும். முதல் நாளே எழுதிவிடுங்கள்: "எங்கள் கணக்கு எண் மின்னஞ்சலில் மாறாது. மாற்றம் என்று கடிதம் வந்தால் பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள்."

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணம் வழியில் நிறுத்தப்பட வாய்ப்பு.

படி 6: புகார் வந்தால், கோபம் வந்தால்

ஒருவர் உங்களைத் "திருடன்" என்று எழுதினால் கை துறுதுறுக்கும். அரை மணி நேரம் கழித்து எழுதுங்கள். குரல் செய்தி வேண்டவே வேண்டாம், கோபம் குரலில் இரண்டு மடங்காகக் கேட்கும்.

பதிலில் மூன்று இருந்தால் போதும்: நடந்ததைப் புரிந்துகொண்டேன், என்னிடம் உள்ள பதிவு இது, நான் செய்வது இது. "தம்பி, 380 கிராம் குறைவு என்ற படம் பார்த்தேன். கட்டும்போது 5 கிலோ இருந்த வீடியோ இத்துடன். ஈரம் வற்றியிருக்க வேண்டும், அதை முன்பே சொல்லாதது என் தவறு. குறைந்த எடைக்கான பணத்தை இன்று போட்டுவிடுகிறேன்." அன்று அக்கா எடை வீடியோ எடுத்து வைத்து இதை அனுப்பியிருந்தால் அந்தக் குடியிருப்புக் குழுவில் இதுதான் போயிருக்கும்.

உண்மையான குறை எழுதினவரை "கேஸ் போடுவேன்" என்று மிரட்டுவது தவறு. வாங்கியவர் தன் அனுபவத்தைச் சொல்ல உரிமை உள்ளவர். ஆனால் வாங்காமலே ஒருவர், உங்கள் கருவாட்டில் பூச்சிமருந்து அடிக்கிறீர்கள் என்று பொய் பரப்பினால் அது அவதூறு. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் 2 வருடம் வரை தண்டனை உண்டு. அந்தக் கத்தி நம் பக்கமும் திரும்பும். பக்கத்துக் கடைக்காரரின் மீனைப் பற்றி ஸ்டேட்டஸில் மறைமுகமாக எழுதினாலும் ஆள் யாரென்று புரிந்தால் அவதூறுதான். இன்னமும் "66ஏ-யில் உள்ளே தள்ளுவேன்" என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இலேயே ரத்து செய்துவிட்டது.

படி 7: பதிவை வைத்திருங்கள், போக வேண்டிய இடம் தெரிந்திருங்கள்

நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 வருடம், ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக 3 வருடம். ஆகவே ஆர்டர் அரட்டை, எடை வீடியோ, கூரியர் ரசீது எல்லாம் 3 வருடம் இருக்கட்டும். தானாக மறையும் செய்தி வசதியை வியாபார எண்ணில் அணைத்துவிடுங்கள். முகவரி போன்ற விவரங்களை அதற்கு மேல் வைத்திருக்கக் காரணம் இல்லை, அழித்துவிடலாம்.

நீதிமன்றத்துக்கு வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் வேண்டும், அதன் படிவம் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய சட்டத்திலும் இப்படிச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதனால் சண்டை வந்துவிட்டால் அந்தச் செல்போனை விற்கவோ, மென்பொருளை அழித்து ஏற்றவோ வேண்டாம். அரட்டையை அப்படியே ஏற்றுமதி செய்து இன்னோர் இடத்தில் சேமியுங்கள்.

வாங்கியவராக நீங்கள் ஏமாந்தால், வலையோ தராசோ ஆன்லைனில் வாங்கி உடைந்து வந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எதிராளி எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கடைக்காகவே வாங்கிய பொருளென்றால், அது சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்தும் கடை என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள், சட்டம் அப்படிப்பட்டவரையும் நுகர்வோராக ஏற்கிறது.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று விட்டுவிட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, எண் 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. கருவாடு போடும் அக்காமார், பாசி எடுக்கும் அக்காமார், கொட்டான் முடையும் பெண்கள் யாராக இருந்தாலும் ஆர்டர் செய்தியையும் எடை வீடியோவையும் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் போகலாம்.